பதின்மூன்றாவது ஆள்

நெற்றி முடியில் சுருள் வைக்கும் பச்சைப் பிளாஸ்டிக் உருளை ஒன்றைச் சுற்றியிருந்தாள். சீருடைப் பாவாடைக்குள் விளையாட்டுக் கால்சட்டை போட்டிருந்தாள். மடியில் ஸ்ட்ராபெர்ரி படம் போட்ட போர்வை கிடக்க, அதன் மேல் வைத்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள் போபே. ஹான்சோல் அவளிடம் முதன்முதலாகப் பேசப் போனபோது அவள் இருந்த கோலம் இது. காலையில் வெந்து இறங்கிய முட்டை இரண்டு, பள்ளிக்கு வரும் வழியில் மேலங்கிப் பைக்குள் கையைச் சூடாக வைத்துக்கொள்ள. மதியம் தின்பதற்கும் அதே இரண்டுதான். "கையுறைய திங்க முடியுமா?" என்பது அவள் கட்சி.

உய்சோங் என்ற சிற்றூரின் பள்ளியில் இருவரும் இரண்டு வருடமாக ஒரே வகுப்பு. ஆனாலும் ஹான்சோல் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் முன் பெஞ்சு. முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் வாங்கிய மார்க்கில் ஒன்றிரண்டு சிந்திவிடும் என்று பயந்தவனைப்போல எப்போதும் நேராகவே உட்கார்ந்திருப்பான்.

"லீவுல ஃபிசிக்ஸ் டூ நடத்தப் போறாங்க. நீ சேர்றியா?" என்றான்.

போபே தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

"யாரு, நானா? ஃபிசிக்ஸ் ஒண்ணுலயே நான் இன்னும் அட்டைய தாண்டலடா."

"புரியணும்னு இல்ல. வந்து உக்காந்தா போதும்."

"உக்கார்றதுல நான் கெட்டிதான்" என்று ஒத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் நீ சயின்ஸ் பிரிவுக்கு வந்த?"

"பேர் குடுக்க நின்னப்ப இந்த வரிசைதான் சின்னதா இருந்துச்சு."

அவன் கேட்டு வந்த கணக்கு இதுதான். பள்ளியில் மார்க்கைவிடப் பெரியது நிலை. ஒரு பாடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு மட்டும் முதல் நிலை. பன்னிரண்டு பேருக்குக் கணக்குப் போட்டால் அரை ஆளுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அரைக்குக் குறைந்தால் ஆளே இல்லை என்று தள்ளிவிடுவார்கள். முதல் நிலை யாருக்கும் கிடையாது. பதின்மூன்றாவதாக ஓர் உடம்பு வந்து உட்கார்ந்துவிட்டால் அரையைத் தாண்டிவிடும். அப்போது அதை முழு ஆளாக எண்ணி ஒருவருக்கு முதல் நிலை தருவார்கள். அந்தப் பதின்மூன்றாவது உடம்புக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருந்தால் இன்னும் விசேஷம். மற்றவர்கள் ஏறி நிற்க அடியில் கிடப்பதால் பிள்ளைகள் இப்படிப்பட்டவரைத் 'தரை' என்று சொல்வார்கள். ஹான்சோல் அன்று தரை தேடி வந்திருந்தான்.

போபே முட்டையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "எனக்கு என்ன கிடைக்கும்?"

அடுத்த பருவம் முழுக்க அவள் முறை வரும்போதெல்லாம் பள்ளிக் கழிப்பறையை ஹான்சோல் கழுவுவது என்று பேசி முடிந்தது.

ஹான்சோல் வீட்டில் பூண்டு வயல். அப்பா ஆரம்பப் பள்ளியோடு நின்றவர், அம்மா அதற்குமேல் கொஞ்சம். தேகூ நகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் என்பது அந்த வீட்டில் இரண்டு வருடமாகச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படும் பேச்சு. அதற்கு இயற்பியலில் முதல் நிலை வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஹான்சோல் நடந்த நடையைப் பார்த்தவர்கள், பட்டம் வந்துவிட்டது, சட்டம் போட்டு மாட்டுவதுதான் பாக்கி என்று நினைத்திருப்பார்கள்.

பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் இலையுதிர் காலத்திலேயே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. வேறொரு பள்ளியிலிருந்து மேங் சார் என்பவரை விடுமுறைக்கு மட்டும் இரவல் வாங்கியிருந்தார்கள். ஒரு வருடத்துப் புத்தகம், கையில் இருந்ததோ மூன்று வாரம். மேங் சார் பேருந்திலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பித்திருப்பார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கன்னத்தில் தொண்டை மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, வலது கையால் எழுதி, இடது கையால் அழிப்பார். எழுதியதற்கும் அழித்ததற்கும் நடுவில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குக் குறிப்பு கிடைக்கும். "இது தெரிஞ்சதுதான். அடுத்தது" என்பது அவர் மூச்சு விடும் இடம்.

முதல் சில நாட்கள் போபே ஒப்பந்தப்படி நடந்துகொண்டாள். போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள். இது அவளுக்குப் பிறவியிலேயே வந்த திறமை. மேங் சார்கூட ஒருமுறை அவளைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு கவனமா கேக்கறா" என்றார்.

எந்த வேளையில் விழித்தாள் என்று தெரியவில்லை. செயற்கைக்கோள் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அது பூமியைச் சுற்றுவதே ஓயாமல் விழுந்துகொண்டிருப்பதால்தான் என்று மேங் சார் சொல்லி, எழுதி, அழிக்கக் கையைத் தூக்கிவிட்டார்.

"சார், விழுந்துகிட்டே இருக்குன்னா எப்ப சார் தரைக்கு வரும்?"

கட்டைக் குரல். சந்தையில் நாலு கடை தள்ளி நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். முன் பெஞ்சு மொத்தமும் திரும்பியது, ஹான்சோலும்தான்.

"வராது" என்றார் மேங் சார்.

"வராததை ஏன் சார் விழுதுங்கறீங்க?"

மேங் சார் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அழிப்பான் கீழே இறங்கியது. பந்து எறிவதிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் வேகமாக, இன்னும் வேகமாக என்று படம் போட்டு விளக்கினார். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தில் பாதி அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. குளிர்பெட்டி உள்ளே குளிர்ந்தால் முதுகு ஏன் சுடுகிறது, காந்தத்தை உள்ளே விட்டால் கம்பிச்சுருளுக்கு எப்படித் தெரியும் என்று தினம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால், "என் மூளை சந்தை நாள்ல மட்டும்தான் சார் திறக்கும், இன்னிக்குச் சந்தை இல்ல, பொறுமையா சொல்லுங்க" என்று ஒரு முன்னுரை. மற்றப் பன்னிரண்டு பேரும் மீதிப் பக்கங்களை எண்ண ஆரம்பித்தார்கள். புத்தகம் முடியாமல் போனாலும் பரீட்சை அதன் நாளில் வந்துவிடும். அவளை அனுப்பிவிடலாம் என்றால் அனுப்பவும் வழியில்லை. அவள் போனால் பன்னிரண்டு. முதல் நிலையும் கூடவே எழுந்து போய்விடும். அவள் உடம்பு வேண்டும், வாய் வேண்டாம் என்பதுதான் பன்னிரண்டு பேரின் ஒருமித்த முடிவு. இதை அவளிடம் நயமாகச் சொல்ல, தரையைக் கூட்டி வந்தவனையே அனுப்பினார்கள்.

போபேயின் அம்மா நடத்தும் சூப்புக் கடை சந்தையின் மீன் வரிசை முடியும் இடத்தில் இருந்தது. பன்றி எலும்பு நாளெல்லாம் கொதித்துக் கதவுக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். போபே உள்ளே வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றி உருளை அப்படியே இருந்தது. காலையில் பேருந்து ஏறும்போது எடுக்க மறந்தால் அன்று முழுக்க அது அங்கேயேதான்.

"வா தம்பி, உக்காரு" என்று அவள் அம்மா ஒரு கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தார். "எங்க போபே ஃபிசிக்ஸ் படிக்கறாளாம். மொதல்ல இதைக் கேட்டப்ப சூப்புல உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேன்."

சோறு போட்ட சூப்பை இரண்டு வாய் குடித்த பிறகு ஹான்சோல் ஆரம்பித்தான். "போபே, கிளாஸ்ல நீ கேக்கற கேள்வியெல்லாம் நல்ல கேள்விதான். ஆனா..."

"ஆனா வாய மூடுன்னு சொல்லி அனுப்பிருக்காங்க."

"அப்படிச் சொல்லல."

"சரி, மூடிக்கறேன். தரைக்கு எதுக்கு வாய்?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கெல்லாம் புரிஞ்சிடுச்சு, அதான் அவசரப்படறீங்க. நேத்து அந்த வாளி சுத்துற கணக்கு. அதை மட்டும் நீ சொல்லிடு, நான் நாளையிலருந்து பொணம் மாதிரி உக்காந்துக்கறேன். தண்ணியோட வாளிய தலைக்கு மேல சுத்துனா தண்ணி ஏன் கொட்டல?"

ஹான்சோலுக்குக் குஷி. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும் என்று தொடங்கி மேசைத் துணியில் விரலால் எழுதிக் காட்டினான்.

"அது சூத்திரம். நான் தண்ணிய கேட்டேன்."

"சூத்திரம்தான் தண்ணி."

"அப்ப சுத்திக் காட்டு."

கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் முற்றம். ஜனவரிக் குளிரில் குழாயடியே உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. தொட்டியில் கிடந்த தண்ணீரை வாளியில் பாதிக்கு மொண்டு, கயிறு கட்டிக் கொடுத்தாள் போபே. ஹான்சோல் இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆட்டினான். மூன்றாவதில் வாளி தலைக்கு மேலே ஏறியது. ஏறிய இடத்தில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்ததும் கை தயங்கியது. அடுத்த கணம், அன்று காலையில் எலும்பு கழுவிய தண்ணீர் மொத்தமும் வருங்காலப் பொறியாளரின் தலையில் இருந்தது.

போபே சிரிக்கவில்லை. அம்மாதான் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளே கூட்டிப்போய்த் துண்டைக் கொடுத்து, மாற்றிக்கொள்ளத் தன்னுடைய பூப்போட்ட தொளதொளக் கால்சட்டை ஒன்றையும் கொடுத்தார். சந்தைப் பெண்கள் வேலைக்குப் போடுவது. செம்பருத்தி அளவுக்குப் பூக்கள்.

அவன் அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முற்றத்தில் போபே வாளியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. முகத்தில் அவன் அதற்குமுன் பார்க்காத ஒரு கவனம்.

"டேய்," என்றாள் சுற்றிக்கொண்டே, "வாளி மேல போறப்ப கயிறு அதை மேல தூக்கல. கீழ இழுக்குது. என் கை கீழதான இருக்கு? கயிறு என் கைப்பக்கம்தான இழுக்கும்?"

"அதத்தான் நான் சொன்னேன்" என்றான் ஹான்சோல்.

அவன் சொல்லவில்லை. ஆனால் பூப்போட்ட கால்சட்டையோடு நிற்பவனுக்குக் கௌரவம் என்று ஏதாவது ஒன்று மிச்சம் இருக்க வேண்டுமே. "பேராசிரியரே, ரொம்ப நன்றி" என்று அவள் குனிந்து கும்பிட்டாள். அவன் அந்தக் கோலத்திலேயே பேருந்து ஏறி வீட்டுக்குப் போனான். ஊர்க்காரர் ஒருவர் கால்சட்டையை வெகு நேரம் பார்த்துவிட்டு, "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து போபே வாயைத் திறக்கவில்லை. மேங் சார் இரண்டு நாள் அழிப்பானை ஓங்கிய கையோடு அவள் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். பிறகு பழைய வேகத்துக்குப் போய்விட்டார். புத்தகம் முடிந்தது. முடிந்தது என்றால் கடைசிப் பக்கத்தின் எண்ணை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பரீட்சைக்கு போபேயின் திட்டம் எளிமையானது. "விடை அட்டைல மூணாம் நம்பர்ல மேலருந்து கீழ ஒரே கோடா இறக்கிருவேன். அஞ்சுல ஒண்ணு தானா விழும்." அப்படியே இறக்கினாள். மணி அடிக்க நிறைய நேரம் இருந்தது. தூக்கமும் வரவில்லை. விரித்து எழுத வேண்டிய கேள்விகளைப் புரட்டினாள். அதில் ஒன்று, கயிற்றில் கட்டிய கல் செங்குத்தாகச் சுற்றுகிறது, அது உச்சியில் இருக்கும்போது அதன் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியால் வரைக, கயிற்றின் இழுவையைக் கணக்கிடுக. கணக்கு அவளுக்கு வரவில்லை. படம் மட்டும் போட்டாள். ஒரு கல், கீழ்நோக்கி இரண்டு அம்பு. பக்கத்தில் ஒரு வாளியையும் வரைந்து வைத்தாள்.

மார்க்கை மேங் சார் பலகையில் எழுதிய காலையில் பதின்மூன்று பேரும் வகுப்பில் இருந்தார்கள். முதல் இடத்தில் இரண்டு பெயர்கள். ஹான்சோல், அடுத்து தாசோம். இருவருக்கும் ஒரே மார்க். தாசோம் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த பெண். விடுமுறை முழுக்க அவள் பேசியது மொத்தம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

பெயரைப் பார்த்ததும் ஹான்சோல் மேசைக்கு அடியில் கைப்பேசியை எடுத்து, "அப்பா, நான்தான் முதல்" என்று செய்தி அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகுதான் மேங் சார் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததைக் கவனித்தான்.

"ரெண்டு பேரும் சமம்" என்றார் அவர். முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "சமமா நின்னா என்னன்னு தெரியுமில்ல?"

தெரியும். முதல் இடத்தில் இருவர் நின்றால் இருவரையும் ஒன்றரையாம் இடம் என்று எண்ணுவார்கள். பதின்மூன்று பேரில் ஒன்றரையாம் இடத்துக்கு முதல் நிலையும் கிடையாது, இரண்டாம் நிலையும் கிடையாது. இருவருக்கும் மூன்றாம் நிலை. தனியாக இரண்டாவது வருகிறவருக்கும் அதே மூன்றாம் நிலைதான். ஆகக்கூடி இத்தனை பாடுபட்டு வரவழைத்த முதல் நிலை, உட்கார இடம் தெரியாமல் திரும்பிப் போகப் பார்த்தது.

"விடைத்தாளைக் குடுக்கறேன். பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. எங்கயாவது மார்க்கு விட்டுப் போயிருந்தா இப்பவே சொல்லணும். கையெழுத்தானப்புறம் யார் வந்தாலும் மாத்த முடியாது."

போபே தவிர எல்லோரும் இரண்டு தாளையும் சூழ்ந்துகொண்டார்கள். ஆறு பேர் ஹான்சோல் பக்கம், நாலு பேர் தாசோம் பக்கம். எங்கேயாவது அரை மார்க்காவது கூடாதா என்று வரி வரியாகத் துழாவினார்கள். கூடவில்லை. மேங் சார் வேகமாகத் திருத்தினாலும் கஞ்சத்தனமாகத் திருத்தவில்லை. தாசோம் மேலங்கிக் கழுத்தை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தன் தாளைப் பார்த்தபடி இருந்தாள். கூட்டம் கலைந்து அவரவர் இடத்துக்குப் போனது.

அப்போதுதான் ஹான்சோல் அதைப் பார்த்தான். கல் உச்சியில் இருக்கும் படம். கயிற்றின் இழுவைக்கு அவன் போட்டிருந்த அம்பு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கயிறு என்றால் தூக்கும் என்று கை பழக்கத்தில் போட்டிருந்தது. கீழே சூத்திரம், விடை எல்லாம் மனப்பாடமாகச் சரி. மேங் சார் விடையைப் பார்த்து முழு மார்க் போட்டுவிட்டுப் போயிருந்தார். படத்துக்கு மட்டும் இரண்டு மார்க்.

அவன் கட்டை விரல் தானாக நகர்ந்து அம்பின் மேல் படுத்துக்கொண்டது.

ஹான்சோல் கணக்கில் புலி. உடனே கணக்குப் போட்டான். சொல்லாவிட்டால் மூன்றாம் நிலை. சொன்னால் இரண்டாவது ஆள், அதற்கும் மூன்றாம் நிலை. சொன்னால் தாசோமுக்கு முதல் நிலை கிடைக்கும். அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கணக்கைத் திரும்பப் போட்டான். அதே விடை வந்தது. விரல் மட்டும் நகரவில்லை. இந்நேரம் அப்பா கூட்டுறவுச் சங்க வாசலில் நாலு பேருக்குச் செய்தியைப் படித்துக் காட்டியிருப்பார். படித்துக் காட்டும்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

"டேய், இங்க பாரேன்." போபே தன் தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி இடம் அவளுக்குத்தான். ஆனால் முகம் திருவிழா. "வாளிக் கணக்குல படத்துக்கு ரெண்டுக்கு ரெண்டு. என் வாழ்க்கைல ஃபிசிக்ஸ்ல மூளைய போட்டு வாங்குன மொத மார்க்கு. உன்னுத காட்டு."

அவன் விரலை எடுப்பதற்குள் தாளை இழுத்துவிட்டாள். பார்த்தாள். தன்னுடையதைப் பார்த்தாள். திரும்ப அவனுடையதைப் பார்த்தாள்.

சந்தைக்கே கேட்கும் அந்தக் குரல், அவனுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இறங்கியது. "எனக்கு அம்பு கீழ பாக்குது. உனக்கு மேல பாக்குது. ரெண்டு பேருக்குமே மார்க்கு போட்டிருக்காரு."

ஹான்சோல் தன் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்ப நான் தப்பா போட்டிருக்கேன்" என்றாள். ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். "அதானே பாத்தேன். எனக்காவது சரியா வர்றதாவது. இரு, சார்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். தரைக்கு ரெண்டு மார்க்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

போர்வையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். இரண்டு அடி போயும்விட்டாள். ஹான்சோல் போர்வையின் தொங்கிய நுனியை எட்டிப் பிடித்தான்.

"உக்காரு. உன்னுது சரி."

"பாவம்னு சொல்லாத."

"உன்னுதுதான் சரி போபே. உக்காரு."

அவன் எழுந்து போனான். பெஞ்சிலிருந்து ஆசிரியர் மேசைவரை அந்த வகுப்பறை அவ்வளவு நீளம் என்று அவன் அதுவரை நினைத்ததில்லை. தாளை மேங் சார் முன்னால் வைத்து, விரலை எடுத்து, அம்பைக் காட்டினான். "சார், இது தப்பு."

மேங் சார் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பலகையில் இருந்த இரண்டு பெயர்களைப் பார்த்தார். வாயில் இருந்த மிட்டாயைக் கடித்து உடைத்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டைக் குறைத்து, தன் கையெழுத்தைப் போட்டார். பின்னால் ஒரு மேசை கிறீச்சிட்டது. தாசோம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மேலங்கிக் கழுத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் முழுதாகப் புரிந்தபோது போபேக்குக் கோபம் வந்தது. பள்ளி வாசலில் அவனை மறித்தாள். "நான்தான் என்னோடது தப்புன்னு போனேனே. போயிருப்பேன்ல. நீ எதுக்குடா நடுவுல எந்திரிச்ச?"

"எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. ரெண்டாவதா வந்தாலும் அதே நிலைதான்."

"நஷ்டம் இல்லல்ல?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சி ஊசிப்போன சூப்பு மாதிரி இருக்கு?"

அவன் கைப்பேசியை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினான். "அப்பாகிட்ட முதல்னு சொல்லிட்டேன்."

போபே அவன் கைப்பேசியை வாங்கினாள். அவன் தடுப்பதற்குள் எண்ணை அழுத்திவிட்டாள்.

"அப்பா, நான் போபே பேசறேன். ஹான்சோல் கூடப் படிக்கறேன். சந்தைல சூப்புக் கடை... ஆமாம்ப்பா, உங்ககிட்ட பூண்டு வாங்கற கடைதான். உங்க பையன் மொதல் இல்லையாம், ரெண்டாவதாம். அவனுக்குச் சொல்ல வாய் வரல... இல்லப்பா, அவன் ஏமாத்தல. அப்ப மொதல்ல இருந்தான், இப்ப ரெண்டாவது. நான் பதிமூணாவது. அடியில நின்னு பாக்கறவ சொல்றேன், அவன் ரொம்ப உசரத்துலதான் இருக்கான்."

மறுமுனையிலிருந்து ஹான்சோலுக்கும் கேட்டது அப்பாவின் குரல். "சரிம்மா. உங்கம்மாகிட்ட சொல்லு, வர்ற சந்தைக்கு நல்ல பூண்டா எடுத்துட்டு வரேன்னு."

தேகூவின் பெரிய பல்கலைக்கழகம் அவனை எடுத்துக்கொள்ளவில்லை. கடலோரத்தில் வேறொரு பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. ஊர் நுழைவில் இரண்டு கம்பத்துக்கு நடுவே அவன் பெயர் போட்ட துணிப் பதாகையைக் கட்டினார்கள். தன் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவன் என்ற முறையில் ஹான்சோல் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி அதன் அடியில் மூன்று தடவை நடந்தான். பட்டம் இப்போது சட்டத்துக்குள், பூண்டுச் சரம் தொங்கும் சுவரில், பூண்டைவிட ஒரு சாண் மேலே இருக்கிறது. அவன் சாங்வோனில் தண்ணீர்க் குழாய்களுக்கு மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளன். தாசோம் அந்த முதல் நிலையோடு தலைநகரான சோலுக்குப் போய் அங்கேயே வேலையில் இருக்கிறாள்.

போபே உய்சோங்கில்தான் இருக்கிறாள். கனரக வாகன உரிமம் எடுத்து, சந்தையிலிருந்து மலைக்கிராமங்களுக்குப் போகும் பேருந்தை ஓட்டுகிறாள். மூட்டையோடு ஏறும் கிழவிகள் உட்கார்ந்து முடிக்கும்வரை வண்டியை எடுக்க மாட்டாள்; அதுவரை அவர்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஹான்சோலைக் கைப்பேசியில் அழைத்தாள். கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றிருந்த நேரம்.

"பிரேக்கு போட்டா ஆளெல்லாம் முன்னாடி சாயறாங்க. சரி, அது தெரியும். இன்னிக்கு ஒரு குட்டிப் பொண்ணு கேஸ் பலூனோட ஏறுச்சு. பிரேக்கு போட்டேன். அந்தப் பொண்ணு முன்னாடி சாஞ்சுது, பலூன் பின்னாடி போச்சுடா. ஏன்?"

"தெரியல" என்றான் ஹான்சோல்.

"பட்டம் வாங்குனவன்தானடா நீ?"

"வாங்குனவன்தான். தெரியல போபே."

"சரி, யோசி. வண்டி எடுக்கணும்."

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் அவன் மீன் வடிவத்தில் ஒரு கேஸ் பலூன் வாங்கினான். அதைக் காரின் பின்னிருக்கைப் பட்டையில் கட்டினான். தொழிற்சாலைக்குப் பின்னால் ஆள் இல்லாத மைதானத்துக்குப் போய், வேகமெடுத்து, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் மீனைப் பார்த்தபடியே பிரேக்கை மிதித்தான்.